எந்த ஃபில்டரில் காசு மிச்சம் பிடிக்கலாம்?

போன வாரம் காவேரிப்பட்டணத்தில் இருந்து மச்சினன் வாட்ஸாப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். ஸ்பேர் பார்ட்ஸ் கடை மேஜை மேல் மூன்று டப்பா. ஒன்று டிராக்டர் கம்பெனியின் சொந்த டப்பா. இன்னொன்று பெயர் தெரிந்த ஃபில்டர் கம்பெனியுடையது. மூன்றாவதில் சிங்கமோ புலியோ ஒரு படம். அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. கூடவே ஒரு வாய்ஸ்: "மாமா, மூணும் நம்ம வண்டிக்குச் சேருமாம். விலைதான் ஒண்ணுக்கு ரெண்டா இருக்குது. எதை எடுக்கட்டும்?"

"எந்த ஃபில்டர்டா?" என்று கேட்டேன்.

"எல்லாந்தான் மாமா. செட்டா மாத்திடலாம்னு."

அவனுக்கு அப்போது சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதலாம் என்று தோன்றியது. நம் பக்கத்தில் டிராக்டர் வைத்திருப்பவர்களில் ஒரு கட்சி, கண்ணை மூடிக்கொண்டு கம்பெனி டப்பாதான் வாங்கும். இன்னொரு கட்சி, "உள்ளே இருக்கிறது பேப்பர்தானே" என்று இருப்பதிலேயே மலிவானதை எடுக்கும். நான் இரண்டிலும் இருந்து பார்த்தவன். மாரண்டஹள்ளி பக்கம் எங்கள் கொல்லையில் இரண்டு வண்டி நிற்கிறது. 2003-ல் வாங்கிய 35 எச்.பி. ஒன்று, 2014-ல் வாங்கியது ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து ஏர், டீசல், ஆயில், ஹைட்ராலிக் என்று நாலு விதமான ஃபில்டரை வாங்குகிறேன். நாலுக்கும் ஒரே கடை, ஒரே பிராண்டு என்று போவதை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது. ஃபில்டர் வேலை செய்யாமல் போனால் வண்டி நம்மிடம் வந்து சொல்லுமா, சொல்லாமலேயே சாகுமா என்பதைப் பார்த்துத்தான் இப்போது காசை எடுக்கிறேன்.

சொல்லாமல் சாகடிப்பதில் முதலிடம் ஏர் ஃபில்டருக்கு.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டரை லிட்டர் இன்ஜின், 2,000 சுற்றில் ஓடுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை மூச்சு இழுக்கும். அப்படிப் பார்த்தால் நிமிஷத்துக்கு 2,500 லிட்டர் காற்று. முழுசாக நிரம்பாது என்று கொஞ்சம் கழித்தாலும் மணிக்கு 125 கன மீட்டர் வரும். நம் செம்மண் கொல்லையில் கோடை உழவு ஓட்டும்போது, ரொட்டவேட்டர் கிளப்புகிற புழுதியில் முன்னால் போகிற வண்டியே தெரியாது. அந்த மாதிரிப் புழுதியில் ஒரு கன மீட்டர் காற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிராம் தூசு இருக்கும். எட்டு மணி நேரம் ஓட்டினால் ஒரு கிலோ மண்! நூற்றுக்கு 97 பங்கு பிடிக்கிற ஃபில்டர் என்றால் 30 கிராம் மண் இன்ஜினுக்குள் போகும். 99.9 பங்கு பிடித்தால் ஒரு கிராம். நாள் முழுக்க அவ்வளவு புழுதி இருக்காது, முன்னால் இருக்கும் கிண்ணம் பெரிய தூசைத் தட்டிவிடும், எல்லாம் சரி. ஆனாலும் 97-க்கும் 99.9-க்கும் நடுவில் முப்பது மடங்கு வித்தியாசம் இருக்கிறது. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டு ஃபில்டரும் ஒன்று போலத்தான் தெரியும்.

நான் மாட்டிக்கொண்டது இதில்தான். 2019 கோடை. 2014 வண்டிக்கு ஏர் ஃபில்டர் மாற்ற வேண்டியிருந்தது. கம்பெனி விலையை விட 450 ரூபாய் குறைவாக ஒன்று கிடைத்தது. பழையதைக் கழற்றும்போது இழுத்து, திருகி, மூச்சு வாங்கித்தான் எடுத்தேன். புதியது கையாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. "பரவாயில்லையே, சுலபமா சேருதே" என்று சந்தோஷப்பட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு மாதம் போனது. ஆயில் அளவு குச்சியில் கீழே கீழே இறங்க ஆரம்பித்தது. ஏற்றத்தில் டிரெய்லர் இழுக்கும்போது நீலப்புகை. மெக்கானிக் வந்தார், இன்ஜினைத் தொடவே இல்லை. ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் ஹோஸைக் கழற்றினார், என் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து அதற்குள் விட்டு ஒரு சுற்று சுற்றினார். துண்டு குங்குமம் தடவின மாதிரி வந்தது. "அண்ணா, பேப்பர் பரவாயில்லை. வாய்தான் சேரலை" என்றார். ஃபில்டர் முனையில் இருக்கும் ரப்பர் வளையம் குழாயைக் கவ்வவில்லை. காற்று பேப்பருக்குள் போகாமல் அந்தச் சந்து வழியாகவே போய்வந்திருக்கிறது. லைனர், பிஸ்டன், ரிங் என்று 38,000 ரூபாய். 450 மிச்சம் பிடித்ததற்கு.

அதனால் பேப்பர் வைத்த இந்த உலர் வகை ஏர் ஃபில்டரில் எனக்குப் பேச்சே கிடையாது, கம்பெனி டப்பாதான். வெளி பிராண்டிலும் அதே தரம் உண்டு. ஆனால் இந்த ஃபில்டரில் பேப்பரை விட அளவு முக்கியம். அரை மில்லிமீட்டர் தளர்ந்தால் போதும், எல்லாம் போச்சு. 450 ரூபாய் வித்தியாசத்தை 500 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு ஒரு ரூபாய் கூட வராது. எதை மாட்டினாலும் 20 மணி நேரம் ஓடின பிறகு அந்த ஹோஸைக் கழற்றி உள்ளே ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். இதை விட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

உலர் வகையில் இரண்டு உருளை இருக்கும். வெளியே பெரியது, அதற்குள் சின்னது. சின்னதைப் பலர் வாங்குவதே இல்லை, சிலர் கழற்றி எறிந்துவிட்டே ஓட்டுகிறார்கள், இழுவை கூடுதாம். வெளி உருளை கிழிந்தால் இன்ஜினைக் காப்பாற்றத்தான் அது இருக்கிறது. அதைக் கழுவக் கூடாது, காற்றடிக்கக் கூடாது. வெளி உருளையை மூன்று தடவை மாற்றும்போது இதை ஒரு தடவை மாற்றினால் போதும்.

காற்றடிப்பது என்றதும் இன்னொன்று. பஞ்சர் கடையில் ஃபில்டரைக் கொடுத்துக் காற்றடிக்கச் சொல்வது நம் ஊர்ப் பழக்கம். அந்தக் கம்ப்ரசர் நூறு பி.எஸ்.ஐ.க்கு மேல் தள்ளும், பேப்பரில் ஊசித்துளை விழுந்துவிடும். அடித்தே ஆகவேண்டும் என்றால் 30 பி.எஸ்.ஐ.யைத் தாண்டாமல், உள்ளிருந்து வெளியே. அதற்கப்புறம் இருட்டில் வைத்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு புள்ளி வெளிச்சம் வெளியே வந்தாலும் குப்பைதான். டயரில் தட்டித் தூசு உதறுவதும் கூடாது, விளிம்பு நசுங்கிவிடும். புது பேப்பரை விடக் கொஞ்சம் தூசு படிந்த பேப்பர்தான் நன்றாகப் பிடிக்கும் என்பது பலருக்கும் புதுச் செய்தியாக இருக்கலாம். படிந்த தூசே இன்னொரு சல்லடையாக நிற்கும். அதனால் தினமும் கழற்றிச் சுத்தம் செய்கிறேன் என்று பெருமைப்படுகிறவர் தினமும் கொஞ்சம் மண்ணை உள்ளே விடுகிறார். அடைப்பு காட்டும் சின்னக் கண்ணாடியில் சிவப்பு வந்தால் திறக்கலாம், இல்லாவிட்டால் தூசு கொட்ட அடியில் இருக்கும் ரப்பர் மூக்கைக் காலையில் ஒரு தடவை பிதுக்கிவிட்டால் போதும்.

பழைய 35 எச்.பி. வண்டியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதில் இருப்பது ஆயில் பாத். கிண்ணத்தில் ஆயில், மேலே கம்பி வலை, வாங்குவதற்கே ஒன்றும் இல்லை. கிண்ணத்தைக் கழுவி, குறி வரைக்கும் புது ஆயில் ஊற்றினால் வேலை முடிந்தது. புழுதி உழவு என்றால் தினமும், தண்ணீர் டேங்கர் இழுக்கிற நாளில் வாரம் ஒரு தடவை. பேப்பர் அளவுக்குப் பிடிக்காது என்பது உண்மை. நூற்றுக்கு 95 முதல் 98 வரை என்பார்கள், மெதுவாக ஓடும்போது அதுவும் குறையும். அதற்காகப் பழைய வண்டியில் உலர் வகையை மாட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அளவு சேராத ஹோஸ் ஒன்று, கிளாம்ப் இரண்டு என்று புதுச் சந்து மூன்று உண்டாகும். ஆயிலை மட்டும் குறிக்கு மேல் ஊற்றிவிடாதீர்கள். கூடின ஆயிலை இன்ஜின் இழுத்துக்கொண்டால் தானாகவே வேகம் எடுத்து ஓடும், சாவியைத் திருகினாலும் நிற்காது.

எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் கிணற்றுப் பாறை குடையக் கம்ப்ரசர் பூட்டி ஓட்டுகிற வண்டிகள் நிறைய. அவர்களுக்கு மேலே சொன்னது எதுவும் போதாது. கல் மாவு செம்மண்ணை விடக் கொடுமை, வண்டியும் ஒரே இடத்தில் நின்று தன் புழுதியையே தான் குடிக்கும். வண்டியைக் காற்று வரும் திசையில் நிறுத்துங்கள், ஃபில்டரை வழக்கமான கெடுவில் பாதியிலேயே மாற்றுங்கள். பிராண்டை எல்லாம் அதற்கப்புறம் பார்க்கலாம்.

அடுத்தது டீசல் ஃபில்டர். இதுவும் ஊமைதான், ஆனால் ஏர் ஃபில்டர் அளவுக்கு இல்லை. அடைத்தால் இழுவை குறையும், நின்று நின்று ஓடும். ஓட்டையாக இருந்தால்தான் ஆபத்து. டீசலை அழுத்தித் தெளிக்கிற பம்பும் நாசிலும் மெதுவாகத் தேயும், ஒரு நாள் கரும்புகையாக வந்து நிற்கும். பம்புக்குள் டீசலைத் தள்ளுகிற தண்டான பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று மைக்ரான்தான் இடைவெளி. தலைமுடி ஒன்றின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு.

பழைய வண்டிகளில் இரண்டு கிண்ணம் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். முதலில் துணி, அடுத்தது பேப்பர். என் தேர்வு இங்கே கம்பெனி டப்பா இல்லை, அந்த டீசல் பம்பைத் தயாரிக்கிறவர்களின் ஃபில்டர். எங்கள் அப்பா காலத்தில் அதற்குப் பெயர் மைக்கோ. 1951-ல் தொடங்கிய அந்த பெங்களூர்க் கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கடையில் இன்னும் "மைக்கோ அரை லிட்டர் குடுங்க" (அரை லிட்டர் என்பது ஃபில்டர் அளவு) என்றுதான் கேட்கிறோம், அவர்களும் சரியாக எடுத்துத் தருகிறார்கள். டிராக்டர் கம்பெனி டப்பாவுக்கும் இதற்கும் தரத்தில் நான் வித்தியாசம் பார்த்ததில்லை. ஃப்ளீட்கார்ட், எலோஃபிக், பியூரோலேட்டர் மாதிரிப் பெயர் உள்ளவையும் எடுக்கலாம். மலிவு டப்பா வேண்டவே வேண்டாம். துணி ஃபில்டரை மண்ணெண்ணெயில் அலசித் திரும்பப் போடுகிற பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அலசினால் வெளியில் ஒட்டினது போகும், உள்ளே கிடப்பது இன்னும் ஆழமாக இறங்கும்.

50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1-லிருந்து டிரெம் 4 புகை விதி வந்துவிட்டது. அந்தப் புது வண்டிகளில் பெரும்பாலும் காமன் ரெயில் என்கிற டீசல் முறை. டீசலை 1,000 பாருக்கு மேல் அழுத்தித் தெளிக்கும். நாம் பின் டயரில் அடிக்கும் காற்று ஒரு பார் அளவுதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஒப்பீட்டுக்கே இடம் இல்லை, கம்பெனி ஃபில்டர், பில்லோடு. புது ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுகிற பழைய வழக்கமும் அந்த வண்டிக்கு ஆகாது. நாம் ஊற்றுகிற டீசல் எந்த ஃபில்டரையும் பார்க்காமல் நேராகப் பம்புக்குப் போகும். கைப்பம்பை அடித்துத்தான் நிரப்ப வேண்டும். வாரண்டி ஓடுகிற எந்த வண்டிக்கும் நாலு ஃபில்டரும் கம்பெனியுடையதே வாங்கி, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

டீசல் ஃபில்டர் பேச்சில் எல்லோரும் விடுவது கேனை. பங்க்கில் கேனில் பிடித்து, கொட்டகையில் மூடி இல்லாமல் வைத்து, மண் ஒட்டின புனலில் ஊற்றினால் எந்த பிராண்டு என்ன செய்யும்? தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிர்காலத்தில் பாதி டேங்கோடு நிறுத்தினால் விடிவதற்குள் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். சாயங்காலமே டேங்கை நிரப்பிவிட்டு, காலையில் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி ஒரு டம்ளர் வடித்துப் பார்ப்பது நல்லது.

ஆயில் ஃபில்டரில்தான் நான் காசு மிச்சம் பிடிக்கிறேன். மச்சினன் இதைக் கேட்டதும் "என்ன மாமா, அதுதானே முக்கியம்?" என்றான். முக்கியந்தான். ஆனால் ஆயில் ஃபில்டர் அடைத்தால் பைபாஸ் வால்வு திறந்து ஆயில் வடிகட்டாமலாவது ஓடும், இன்ஜின் உடனே காயாது. அழுத்தம் குறைந்தால் விளக்கு எரியும். 250 மணிக்கு ஒரு தடவை ஆயிலோடு சேர்த்து எறிந்தும் விடுகிறோம். தப்பு செய்தாலும் திருத்திக்கொள்ள நேரம் இருக்கிற இடம் இது.

மலிவுக்கும் ஓர் எல்லை உண்டு. பாலக்கோட்டில் ஒரு மெக்கானிக் கொட்டகையில் ஒரு மதியம் கரண்ட் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தோம். மூலையில் கிடந்த பழைய தகர ஃபில்டர் மூன்றை அவர் ஆக்சா பிளேடால் அறுத்தார். உள்ளே இருந்த மடிப்புப் பேப்பரைப் பிரித்து, பூக்காரம்மா மாதிரி முழங்கையில் அளந்தார். பெயர் பெற்ற பிராண்டு ஒன்று நாலு முழம் வந்தது. மலிவு ஒன்று இரண்டரை முழம், அதிலும் மடிப்புகள் ஒரு பக்கம் நெருங்கி இன்னொரு பக்கம் விரல் நுழைகிற அளவுக்கு விலகிக் கிடந்தன. மூடியும் பேப்பரும் ஒட்டுகிற இடத்தில் பசை பாதிதான். இன்னொரு மலிவு ஃபில்டரும் நாலு முழம், பசையும் சுத்தம்! "இதுல நல்லதும் வருது அண்ணா. அடுத்த தடவையும் இதே வருமான்னுதான் தெரியாது" என்றார். அன்றிலிருந்து ஆயில் ஃபில்டருக்கு நடுத்தர வழி: பெயர் தெரிந்த வெளி பிராண்டு. என் வண்டிக்குக் கம்பெனி விலையை விட நூறு ரூபாய்க்குள் குறையும். பெரிய மிச்சம் இல்லை, ஆனால் தரம் குறையாமல் கிடைக்கிற மிச்சம்.

மரை பொருந்திவிட்டால் போதும் என்று மட்டும் நினைக்காதீர்கள். சில வண்டியில் பைபாஸ் வால்வு இன்ஜினிலேயே இருக்கும், சிலதில் ஃபில்டருக்குள் இருக்கும். மரை ஒன்றாக இருந்தும் வால்வு இல்லாத ஃபில்டரை மாட்டினால், அது அடைக்கும் அன்றைக்கு ஆயில் போக வழி இருக்காது. பழையதன் மேல் இருக்கும் பார்ட் நம்பரைப் படம் பிடித்துக்கொண்டு போய், அதற்குச் சமமான நம்பரைக் கடைக்காரரின் கேட்டலாக்கில் பார்த்து வாங்குங்கள். வாய்ப் பக்கத்தில் உள்ளே ஒரு ரப்பர் தட்டு தெரியும்; ஃபில்டர் படுத்த வாக்கில் மாட்டப்படும் வண்டியில் ராத்திரி ஆயில் கீழே வடியாமல் பிடிப்பது அதுதான். விரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று இருக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு அணைய நேரம் எடுத்தால் அந்தத் தட்டு விறைத்துவிட்டது என்று சந்தேகப்படலாம்.

மாட்டும்போது வாய் விளிம்பில் இருக்கும் ரப்பர் வளையத்தில், அதாவது கேஸ்கட்டில், ஒரு சொட்டு ஆயில் தடவி, கையால் தொடும் வரை திருகி, அதற்கு மேல் முக்கால் சுற்று. ஸ்பானர் வேண்டாம். பழைய கேஸ்கட் இன்ஜினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் மேலேயே புதியதை மாட்டிவிட்டு, உழவு நடுவில் மொத்த ஆயிலையும் கொல்லையில் கொட்டினவர் எங்கள் ஊரிலேயே உண்டு. அவர் பெயரைச் சொன்னால் என் கதைகளை அவர் எழுதுவார்.

ஹைட்ராலிக் ஃபில்டர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாற்றுவதே எப்போதாவதுதான், வித்தியாசமும் சொற்பம். கம்பெனியுடையதை வாங்கிவிட்டு மறந்துவிடலாம். கலப்பை தூக்கும்போது முனகல் சத்தம் கேட்டால் முதலில் ஆயில் அளவையும் இந்த ஃபில்டரையும் பாருங்கள், அதற்கப்புறம் பம்பைத் திட்டலாம்.

கம்பெனி டப்பா என்று இத்தனை தடவை சொல்லிவிட்டேன், அதிலும் போலி வருகிறது. டப்பா அச்சு மங்கலாக, எழுத்துப் பிழையோடு இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எம்.ஆர்.பி., பேக் செய்த மாதம், வருஷம் இருக்கிறதா, டப்பாவில் இருக்கும் பார்ட் நம்பரும் ஃபில்டர் மேல் அடித்த நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். பழையதையும் புதியதையும் இரண்டு கையில் தூக்கினாலே எடை வித்தியாசம் தெரியும். பில் தர யோசிக்கிற கடையில் "ஒரிஜினல்" என்ற சொல்லுக்கு மதிப்பு இல்லை. மாட்டி முடித்ததும் காலி டப்பாவைக் கிழித்துப் போடுங்கள். கிழியாத காலி டப்பாவைக் காசு கொடுத்து வாங்கிப் போகிறவர்கள் அதை ஊறுகாய் போடவா வாங்குகிறார்கள்?

மச்சினன் வண்டி 2016 மாடல், உலர் ஏர் ஃபில்டர், வாரண்டி முடிந்தது. ஏர் ஃபில்டர் இரண்டு உருளையும் கம்பெனி டப்பா, டீசலுக்கு மைக்கோ அரை லிட்டர், ஆயிலுக்கு அந்த நடு டப்பா என்று சொன்னேன். சிங்கப் படத்தை அவன் கடையிலேயே விட்டுவிட்டு வந்தான். மாங்காய் லோடு முடிந்து வண்டி ஓய்வாக நிற்கிறது, ஆடி உழவுக்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டப் போகிறோம். ஒரு வெள்ளைத் துணியும், மணி மீட்டர் எண்ணை ஃபில்டர் மேலேயே எழுதி வைக்க ஒரு மார்க்கர் பேனாவும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.